எத்தனை பேர் ஏறுகிறீர்கள்?

ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் கே 1200 எஸ் என்னும் மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியபோது, மின்னணு முறையில் திருத்தக்கூடிய அதிர்வுதாங்கியை அதில் ஒரு மேலதிகத் தெரிவாக வழங்கியது. கைப்பிடியின் அருகிலுள்ள பொத்தானை அழுத்தினால் கருவித் திரையில் சிறு தலைக்கவசப் படங்கள் தோன்றும். தனியாகச் செல்பவர், பொதியுடன் தனியாகச் செல்பவர், பின்னால் ஒருவரையும் பொதியையும் ஏற்றிச் செல்பவர் என மூன்று நிலைகள். அவற்றுள் ஒன்றைத் தெரிந்த பின்னர், சொகுசு, சாதாரணம், ஸ்போர்ட் என்னும் இன்னும் மூன்று நிலைகளில் ஒன்றைத் தெரியலாம். உலகின் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று தன் உரிமையாளரிடம் கேட்ட கேள்விகள் இரண்டே: எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? எப்படி ஓட்டப் போகிறீர்கள்?

மட்டக்களப்பில் ஒரு கராஜின் முன்னால் அரை மணி நேரம் நின்றால், இரண்டாவது கேள்வியைப் பற்றிய பேச்சை வேண்டிய மட்டும் கேட்கலாம். யூடியூப்பில் வெளிநாட்டு விமர்சகர்கள் ஓட்டிக் காட்டும் ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்களின் மின்னணு அதிர்வுதாங்கிகளைப் பற்றி எமது இளைஞர்கள் அறிந்துவைத்திருப்பது வியப்பூட்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பேச்சுக்குப் புதிய உயிர் வந்திருக்கிறது. பெரிய இயந்திரங்களைப் பதிவுசெய்வதற்கு இந்நாட்டில் நீண்டகாலம் கட்டுப்பாடு இருந்துவந்ததால், அவர்களுள் பெரும்பாலானோர் அத்தகைய வாகனமொன்றில் ஏறியதே இல்லை. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆயினும் முதலாவது கேள்வியை, அதாவது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை, தாம் நாள்தோறும் ஓட்டும் வண்டியிடம் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே உயிரோடு தொடர்புடையது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். மாட்டு வண்டிலில் சென்றவர்களுக்கு வீதியின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். மோட்டார் சைக்கிளில் அந்த அடியை முதலில் வாங்குவது ஸ்பிறிங். ஆனால் ஸ்பிறிங் வாங்கிய அடியை வைத்துக்கொள்ளாது, திருப்பித் தரும். அதைத் தனியே விட்டால் வண்டி குளத்தில் எறிந்த பந்துபோல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது அதனுள்ளே இருக்கும் எண்ணெய். நுண்ணிய துளைகளினூடாக எண்ணெயைத் தள்ளவேண்டியிருப்பதால் அசைவு தாமதமாகிறது, அதன் வலு வெப்பமாக மாறிக் கழிந்துபோகிறது. சக்கரம் மேலெழும்போது நிகழும் அமுக்கத்துக்கு ஒரு தடை, அது மீண்டும் கீழிறங்கும்போது ஒரு தடை என இதில் இரண்டு வகை உண்டு. இவற்றுடன், ஸ்பிறிங்கை வண்டியில் பொருத்தும்போதே எவ்வளவு அமுக்கி வைப்பது என்ற முன்னழுத்தமும் சேர்ந்தால் திருத்தத்துக்குரிய மூன்று விடயங்களும் முடிந்துவிடும்.

முன்னழுத்தத்தைக் கூட்டினால் ஸ்பிறிங் கடினமாகிவிடும் என்றொரு நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அது சரியன்று. ஸ்பிறிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிப்பிலும் சுருள்களின் எண்ணிக்கையிலும் அகலத்திலும் இருக்கிறது. முன்னழுத்தம் தீர்மானிப்பது, ஆள் ஏறி அமர்ந்தபின் வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதையே. பாரத்தால் வண்டி இறங்கும் அந்த அளவு, வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளுக்குப் பொதுவாக 30 முதல் 35 மில்லிமீற்றர் வரை இருப்பது நல்லதெனக் கொள்ளப்படுகிறது. அதிகம் இறங்கினால் பள்ளத்தில் அடி தட்டும். போதிய அளவு இறங்காவிட்டால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொடர இடமிராது.

2004 இன் அந்த முறையில் மின்னணுவின் பங்கு எளியது. முன்னர் ஸ்பானராலும் திருப்புளியாலும் செய்ததைச் சிறு மின்மோட்டார்கள் செய்தன, அவ்வளவே. அடுத்த பாய்ச்சல் 2012 இல் வந்தது. பி.எம்.டபிள்யூ. எச்.பி.4, டுகாட்டி மல்ரிஸ்ராடா 1200 எஸ் ஆகியவற்றில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உணரிகள் தரும் தகவலைக் கொண்டு கணினி எண்ணெயின் தடையைக் கணத்துக்குக் கணம் மாற்றத் தொடங்கியது. டுகாட்டி தன் முறைக்கு வைத்த 'ஸ்கைஹூக்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பழைய சிந்தனை இருக்கிறது. வண்டியின் உடலை ஆகாயத்திலுள்ள ஒரு கொளுக்கியில் தொங்கவிட்டுச் சக்கரங்களை மட்டும் வீதியோடு ஏறி இறங்க விட்டால் எப்படி இருக்கும்? அமெரிக்கப் பொறியியலாளர் டீன் கார்னொப்பும் அவரது சகாக்களும் 1974 இல் இந்தக் கற்பனைக் கொளுக்கியைக் கணக்காக்கி, தடையை மாற்றுவதன் மூலமே அதற்கு அண்மையில் செல்லலாம் எனக் காட்டினர். கணக்கு மோட்டார் சைக்கிளை வந்தடைய ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

இத்தகைய மின்னணு ஏற்பாடுகளை ஏளனம் செய்யும் பழைய ஓட்டுநர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடுமையாக பிறேக் பிடிக்கும்போது முன்பகுதி அமிழாதிருக்க அதிக தடை வேண்டும். அடுத்த நொடியில் அதே சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது குறைந்த தடை வேண்டும். மனிதன் திருப்புளியால் ஒருமுறை வைத்துவிட்டுச் செல்லும் நிலை இவ்விரண்டுக்கும் நடுவிலான ஒரு சமரசமே. கணினி அந்தச் சமரசத்தைச் செய்யவேண்டிய அவசியமில்லை. கைக்கு எட்டாத வேலையை இயந்திரம் செய்வதில் குறைகாண என்ன இருக்கிறது?

ஆனால் இன்னொரு செய்தி நமது இளைஞர்களின் காதுக்கு எட்டுவதில்லை. ஹொண்டாவின் 2017 ஆம் ஆண்டு பயர்பிளேட் எஸ்.பி., டுகாட்டியின் பனிகாலே வி4 எஸ் போன்ற ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்களில், சுவீடனின் ஓலின்ஸ் நிறுவனத்தின் மின்னணு அதிர்வுதாங்கிகள் தடையை மட்டுமே தாமாகத் திருத்துகின்றன. முன்னழுத்தம் இன்றும் ஸ்பானரிடமே விடப்பட்டிருக்கிறது. கணினி எவ்வளவு கெட்டிக்காரனாயினும், தவறான உயரத்தில் நிற்கும் வண்டியைத் தடையை மாற்றிச் சரியாக்க அதனால் முடியாது.

இதற்கு உதாரணமாக, சுவிற்சர்லாந்தில் வசிக்கும் எனது சகோதரியின் மகனுடைய அனுபவத்தைச் சொல்லலாம். இத்தகைய வண்டியொன்றை அவர் வாங்கிய சில வாரங்களில் தொலைபேசியில் மனக்குறையோடு பேசினார். "மாமா, இவ்வளவு காசு குடுத்தும் முன்சில்லு நடுங்குது. எந்த மோடில போட்டாலும் அப்பிடித்தான்." எந்த மோடில் அதிகம் ஓட்டுகிறீர் என்று கேட்டேன். பந்தயத் தடத்துக்குரிய மோடில் என்றார். கிராமங்களினூடாகச் செல்லும், ஒட்டுப்போட்ட தார் வீதியில் பந்தயத் தடத்துக்குரிய நிலை! பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. உயர்ந்த பெயர் உயர்ந்த நிலையாகத்தானே இருக்கவேண்டும் என்ற நினைப்பு.

பின்னர் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முறைப்படி பரிசோதனை செய்தார். ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் வீதியொன்றைத் தெரிந்து, ஒரே வேகத்தில், ஒவ்வொரு மோடிலும் இரண்டு தடவை ஓட்டி, ஒவ்வொரு முறையும் இறங்கி நின்று கொப்பியில் எழுதினார். கடினமான நிலையில் வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றியது, ஆனால் வளைவில் நம்பிக்கை குறைந்தது. மிருதுவான நிலையில் மந்தமாகத் தோன்றியது, ஆனால் சக்கரம் வீதியை விடவில்லை. இரண்டிலும் சிறு நடுக்கம் எஞ்சியிருந்தது. அதன் காரணம் திரையில் இருக்கவில்லை. நண்பர் ஒருவரின் துணையோடு அளவு நாடாவைப் பிடித்தபோது, மெலிந்த உடலினரான அவர் ஏறி அமர்ந்தும் பின்பகுதி 22 மில்லிமீற்றரே இறங்கியது தெரியவந்தது. அவரைவிடப் பாரமான ஒருவருக்குப் பொருந்தும் முன்னழுத்தம் அது. ஸ்பானரால் அதைத் தளர்த்தி 32 இற்குக் கொண்டுவந்தார். முன்பகுதியையும் அவ்வாறே அளந்து சரிசெய்தார். அதன் பின்னரே மோடுகளுக்கிடையிலான வேறுபாடு தனக்கு உண்மையாக விளங்கியதென்றார். இப்போது வீதிக்குரிய மோடிலேயே ஓட்டுகிறார்.

இந்தப் பரிசோதனையில் கற்க வேண்டியவை நான்கு. அளந்து தொடங்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே வீதியில் ஓட்டி ஒப்பிட வேண்டும். எழுதி வைக்க வேண்டும், ஏனெனில் உடல் தந்த உணர்வை நினைவு தன் விருப்பப்படி திருத்திவிடும். ரயர் காற்றைப் பார்க்காமல் இவற்றுள் எதையும் தொடங்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். காற்றுக் குறைந்த ரயரும் ஓர் அதிர்வுதாங்கிபோலவே நடந்து எல்லா அளவுகளையும் பொய்யாக்கும்.

அதிவேக மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜீ.பீ.யில் மின்னணு அதிர்வுதாங்கிக்குத் தடை இருக்கிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அங்கே இன்றும் மனிதர்கள் திருப்புளியோடும் குறிப்பேட்டோடும்தான் நிற்கிறார்கள். நமக்கு அண்மையில், தமிழ்நாட்டின் ஓசூரில் தயாராகும் ரி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டிக்கு 2021 இல் ஒரு மேலதிகத் தொகுதி அறிமுகமானது. முன்னழுத்தத்தையும் இருவகைத் தடைகளையும் முன்னும் பின்னும் திருத்தலாம், ஆனால் கையால். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு 2013 இல் கூட்டுச் சேர்ந்து, அதன் சிறிய மோட்டார் சைக்கிள்களையும் தயாரிக்கும் தொழிற்சாலை அது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பழகும் ஒருவர் ஒவ்வொரு 'கிளிக்'காகத் திருகி ஓட்டிப் பார்த்துப் பெறும் அறிவு, பொத்தானை அழுத்துபவருக்கு இலகுவில் வாய்க்காது.

இனி எமது வாவிக் கரைக்கு வருவோம். இங்கே மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அதுவே குடும்ப வாகனம், பார வாகனம், அவசர நோயாளியின் வாகனமும் அதுவே. பின் இருக்கையில் மீன் பெட்டியைக் கட்டிய வியாபாரியும், இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்ட பாற்பண்ணையாளரும், நெல் மூட்டையோடு வரும் விவசாயியும் ஓட்டுவது தனி ஒருவரைச் சுமந்து செல்லும்போது எப்படி வைத்திருந்தார்களோ அதே நிலையிலுள்ள வண்டியையே. சட்டம் பின்னால் ஒருவருக்குத்தான் இடமளிக்கிறது. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் எனப் பள்ளிக்கூட நேரத்தில் நாம் காணும் காட்சி வேறு.

2013 இல் கல்லடியில் புதிய பாலமும் 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டதோடு எமது பயணத்தின் தன்மையே மாறிற்று. மண்முனையில் பாதைக்காகக் காத்திருந்த காலத்தில் வேகத்துக்கு இடமிருக்கவில்லை. இன்று காப்பெற் வீதியில் எண்பதில் வருகிறவர், கிளை வீதியில் திரும்பியதும் கிறவலில் ஏறுகிறார். மார்கழி வெள்ளம் வடிந்த பின் அந்தக் கிறவலில் அலை அலையாகச் சிறு மேடுகள் எழுந்து நிற்கும். அவற்றின் மேல் ஓடும்போது சக்கரம் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னர் கீழே திரும்பிவர நேரம் வேண்டும். முதுமையடைந்து எண்ணெய் ஒழுகிய அதிர்வுதாங்கியில் அந்தச் சக்கரம் தறிகெட்டுத் துள்ளும். மேலதிகப் பாரம் ஏற்றிய வண்டியில் ஸ்பிறிங் ஏற்கெனவே அடிவரை இறங்கியிருப்பதால் வாங்குவதற்கு இடமே இராது. இரண்டிலும் பிறேக் பிடிக்கும் கணத்தில் ரயர் தரையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

எனது 150 சிசி வண்டியில் மின்னணு எதுவும் கிடையாது. பின் அதிர்வுதாங்கி இரண்டின் அடியிலும் படிபடியாக வெட்டப்பட்ட ஒரு வளையம் இருக்கிறது. வாங்கும்போது கிடைத்த கருவிப் பையிலுள்ள வளைந்த ஸ்பானரால் அதைத் திருப்பினால் ஐந்து நிலைகள் கிடைக்கும். இதைக் கொண்டு நானும் ஒரு சிறிய பரிசோதனை செய்தேன். இரவில் வண்டியை மதிலை நோக்கி ஐந்து மீற்றர் தூரத்தில் நிறுத்தி, நான் மட்டும் அமர்ந்து, முன்விளக்கின் ஒளி படும் உயரத்தை மதிலில் சுண்ணக்கட்டியால் குறித்தேன். பின்னர் மனைவியும் ஏறினார். முதலாவது படியில் வளையம் இருந்தபோது ஒளி ஏறக்குறைய அரைச் சாண் மேலே போயிற்று. வளையத்தை ஐந்தாவது படிக்குத் திருப்பியபோது அந்த உயர்வில் பாதிக்கும் மேல் குறைந்தது. வேலைக்குச் செலவான நேரம் இரண்டு நிமிடம்.

அரைச் சாண் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து மீற்றரில் அரைச் சாண் உயரும் ஒளி ஐம்பது மீற்றரில் ஒரு மீற்றருக்கு மேல் உயரும். அதாவது, எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். தெருவிளக்கில்லாத வாவியோர வீதியில் இரவில் எதிரே வரும் துவிச்சக்கரவண்டிக்காரரையும், நடுவீதியில் படுத்திருக்கும் மாட்டையும் நம்மில் எத்தனையோ பேர் காணத் தவறுவதற்கு, பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்து விளக்கு வானம் பார்த்த வண்டிகளும் ஒரு காரணம் அல்லவா? மறுநாள் வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுப் பக்கம் இருவராகச் சென்றபோது வேறொரு மாற்றத்தையும் உணர்ந்தோம். முதலாம் படியில் ஒவ்வொரு பள்ளத்திலும் கேட்ட 'டொக்' என்ற ஓசை ஐந்தாம் படியில் அரிதாகவே கேட்டது. கைப்பிடி இலேசாக அலையும் தன்மையும் குறைந்தது. திரும்பி வந்து தனியாக ஓட்டியபோது அதே ஐந்தாம் படி முதுகைப் பதம் பார்த்தது. ஆகவே பாரம் மாறும்போது வளையமும் மாறவேண்டும், ஒருமுறை திருப்பிவிட்டு மறந்துபோகும் காரியமில்லை இது.

வீதியைத் திருத்தாமல் வண்டியைத் திருத்தச் சொல்வது மக்கள் மீது பழியைப் போடுவதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கிறவல் வீதிகளை ஆண்டுதோறும் வெள்ளத்துக்குப் பின் மட்டஞ்செய்ய வேண்டியது பிரதேச சபைகளினதும் வீதி அபிவிருத்தித் திணைக்களங்களினதும் கடமை. அதை நாம் விடாது கேட்கத்தான் வேண்டும். ஆயினும் இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள், அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே மிகப் பெரிய பகுதியினர். மட்டஞ்செய்யும் இயந்திரம் வரும்வரை கருவிப் பையிலுள்ள ஸ்பானரைத் தொடாமல் இருப்பதில் என்ன நியாயம்?

மின்னணு அதிர்வுதாங்கி நமக்கு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று காத்திருப்பதும் வீண். உப்புக் காற்றும் வாவி ஈரமும் மின் இணைப்புகளை எப்படி அரிக்கும் என்பது இங்கே வீட்டு மின்விசிறி வைத்திருப்பவருக்கே தெரியும். பழுதைக் கண்டறியும் கணினிக் கருவி இல்லாத கராஜில், உணரி ஒன்று பழுதானால் அத்தனை வசதியும் முடங்கும். அடுத்து, கணினி எந்தக் கெட்டித்தனத்தைக் காட்டினாலும் அடிவரை இறங்கிய ஸ்பிறிங்குக்கு மேலே இடத்தை உண்டாக்க அதனால் இயலாது. அந்தத் தொழில்நுட்பத்தை மதிக்கும் சரியான வழி, அது கேட்கும் கேள்வியை நமது வண்டிக்கும் பொருத்துவதே.

நான் முன்வைக்க விரும்பும் யோசனைகள் எளியவை. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் மோட்டார் சைக்கிள் பழக வருவோருக்கு முன்னழுத்த வளையத்தைத் திருப்பவும் ரயர் காற்றைப் பார்க்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒருவர் செல்வதற்கும் இருவர் செல்வதற்கும் வெவ்வேறு காற்றழுத்தத்தைக் கைந்நூல்கள் சொல்கின்றன, அதை வாசித்தவர்கள் எத்தனை பேர்? கராஜ்காரர்கள் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் "வழமையாக எத்தனை பேர் போறனீங்கள்? பின்னால் என்ன ஏத்துறனீங்கள்?" என்று கேட்டு வளையத்தை வைத்துக் கொடுக்கலாம், செலவில்லை. ஒழுகும் அதிர்வுதாங்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட விடாமல் வாடிக்கையாளரிடம் வற்புறுத்தலாம். மின்னணு வித்தைகளில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களுக்குள்ள அறிவை வீட்டிலிருந்து தொடங்குங்கள். அப்பாவின் வண்டியை மதிலின் முன் நிறுத்தி, அம்மாவையும் ஏற்றி, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் செய்தால் இன்னும் நல்லது.